வளைகாப்பு கண்ட தறி

அநியாயம் யாருக்கு நடந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிற்பாடு அந்த வீதியில் இந்தக் கதையைச் சொன்னவர்கள் எல்லாரும் தறியிலிருந்துதான் ஆரம்பித்தார்கள், தறிக்கு முன்னால் ஒரு மனுஷி இருந்தாள் என்பதை வசதியாக மறந்துபோனார்கள். அநியாயம் நடந்தது கோகிலாமணிக்கு. காவிரிக் கரையில் ஓலப்பாளையம் என்கிற விசைத்தறி ஊரில், ஓங்காளியம்மன் கோயில் வீதியில், அர்த்தநாரியின் பெண்சாதியாக, அவனுடைய எட்டுத் தறிக்கும் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டு, தறிச் சத்தத்துக்கு மேலே சத்தம் போட்டுப் பேசியே உரமேறிய தொண்டையோடு வாழ்ந்துகொண்டிருந்த கோகிலாமணியின் இடது மாரில் ஒரு கட்டி வந்தபோது, வலிக்கிறதா என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. "என்ன பண்ணினே?" என்று கேட்டார்கள்.

மாமியார் பாவாயம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள். பக்கத்து வீட்டு ருக்குமணியக்கா குழாயடியில் குடத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள். பவானியில் வாக்கப்பட்ட நாத்தனார் போனில் கேட்டாள். கோயில் பூசாரி பெரியண்ணன் திருநீற்றுத் தட்டை நீட்டியபடி, கேட்காத மாதிரி கேட்டார். எந்த ஜென்மத்தில், எந்த வாயால், எந்தக் கையால் என்ன பண்ணித் தொலைத்தாய், இல்லாவிட்டால் சும்மா கிடந்த சதையில் கட்டி எப்படி முளைக்கும்? கேள்விக்குப் பின்னாலேயே ஒரு தனித் தட்டும் தனி டம்ளரும் வந்து சேர்ந்தன. அவள் தொட்ட நூல் தறியேறக் கூடாது என்ற உத்தரவும் வந்தது. அர்த்தநாரி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு தறிக்கு எண்ணெய் விட்டான், விட்ட இடத்துக்கே மறுபடியும் விட்டான், எண்ணெய் வழிந்து தரையில் ஓடியது, அவன் வாயிலிருந்து மட்டும் ஒரு சொல் வழியவில்லை.

இதையெல்லாம் விடப் பெரிய அநியாயம், கோகிலாமணியே தன்னைக் கேட்டுக்கொள்ள ஆரம்பித்தது. சும்மா உட்கார வைத்த கை சும்மா இருந்தாலும் மனசு சும்மா இருக்குமா? மாமனார் கருமாதியன்று பசி பொறுக்காமல் ஒரு வடையை முந்தானையில் மறைத்துக் கொண்டுபோய்த் தின்றதை எடுத்துப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சருக்கு வைத்த பட்டப்பேரை எடுத்துப் பார்த்தாள். பிள்ளைக்குப் பால் மறக்கடிப்பதற்காக இதே மாரில் வேப்பெண்ணெய் தடவியதும், பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு வீறிட்டதும் ஞாபகம் வந்து, இதுதானோ, இதற்குத்தானோ என்று அதையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஊரில் எல்லாரும் செய்கிற காரியம்தான் அது. ஆனால் பதில் இல்லாதவளுக்கு எது கிடைத்தாலும் பதிலாகத்தான் தெரியும்.

அந்த ஆடியில் ஒரு வியாழக்கிழமை விடிகாலை, அர்த்தநாரி பட்டறையைத் திறந்தபோது நாலாவது தறி இரண்டாக இருந்தது.

பனங்கிழங்கைப் பிளந்தால் எப்படி நடுக்கோட்டில் பிரியுமோ அப்படிப் பிரிந்து, பிரிந்த பாதி ஒவ்வொன்றும் மீதியைத் தானே ஒட்டவைத்துக்கொண்டு, ஒரே உயரம், ஒரே துரு, பலகையில் அர்த்தநாரியின் அப்பன் வெற்றிலைச் சுண்ணாம்பு துடைத்த அதே வெள்ளைக் கறை, எல்லாம் இரண்டு இரண்டாக, பக்கத்தில் பக்கத்தில் நின்று ஓடிக்கொண்டிருந்தன. அவன் வெளியே வந்து, "அம்மா, நாலாவது தறி ரெண்டாயிருக்குது" என்றான். பாவாயம்மாள் காப்பியை ஆற்றிக்கொண்டே, "அப்பப் பாவு நூலு இன்னொண்ணு வேணுமேடா" என்றாள். அப்புறம்தான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மஞ்சள் குங்குமம் எடுக்கப் போனாள்.

காப்பி குடிக்கிற நேரத்துக்குள் வீதி பூராவும் பட்டறையில் நின்றது. தறி குட்டி போட்டிருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, எந்த நட்சத்திரத்தில் போட்டது என்பதில்தான் தகராறு வந்தது.

"எங்க வீட்டுத் தறியும் இருவது வருசமா ஓடுது, மலடு, ஒரு ஸ்குரூ ஆணி பெத்துருக்குமா?" என்றாள் ருக்குமணியக்கா.

"நீ எண்ணெயே உடமாட்டே, அப்பறம் எங்கிருந்து பெக்கும்?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

கரண்டு ஆபீசிலிருந்து ஒருவர் வந்து, புதுத் தறிக்கு யார் விண்ணப்பம் கொடுத்தது என்று அதட்டினார். "பொறந்ததுக்கு ஆருங் சார் விண்ணப்பம் குடுப்பாங்க?" என்று பாவாயம்மாள் திருப்பிக் கேட்டதும், அதுவும் நியாயந்தான் என்று அவர் ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டுத் அதுவும் குட்டி போடுமா என்று தன் பைக்கையும் ஒரு தரம் அந்தத் தறி மேல் உரசிப் பார்த்துவிட்டுப் போனார்.

பிரிந்த இரண்டும் மறுபடி பிரிந்து நாலானபோது பூசாரி வந்து, ஓடுகிற லட்சுமியை நிறுத்தக் கூடாது, அமாவாசைக்கும் நிறுத்தக் கூடாது என்று சொன்னார். அமாவாசையன்று தறிக்கு ஓய்வு என்பது அந்த வீதியில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் கூட மீறாத வழக்கம். அன்றைக்குத்தான் தறியைக் கழற்றித் துடைத்து, தேய்ந்ததை மாற்றி, முறுக்க வேண்டியதை முறுக்குவார்கள். அந்த வழக்கத்தை அந்த வீதி முதல்தடவையாக மீறியது, அதுவும் பக்தியினால் மீறியது. அமாவாசை கழிந்த வெள்ளிக்கிழமை நாலு தறிக்கும் வளைகாப்பு நடந்தது. ஏழு வகைச் சோறு கிளறி, பலகைக்குச் சந்தனம் பூசி, பெண்டுகள் பச்சையும் சிவப்புமாய்க் கண்ணாடி வளையல்களைத் தறியின் கைப்பிடியில் கோத்துவிட, தறி ஆடிய ஆட்டத்தில் அத்தனை வளையலும் கலகலவென்று சிரித்தன.

கோகிலாமணி பட்டறை வாசல்படிக்கு வெளியே நின்றாள். படிக்கு உள்ளே அவள் வரக்கூடாது. எச்சில் இலை எடுத்துக்கொண்டு வந்த ருக்குமணியக்காவை அவள் மறித்தாள்.

"ஏனுங்க்கா, தறியக் கேட்டீங்களா?"

"என்னத்தக் கேக்கறது?"

"என்ன பண்ணினேன்னு."

ருக்குமணியக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவ ஒருத்தி! தறி என்னத்தடி பண்ணும்? அது பாட்டுக்குப் பெருகுது."

"என் மாருலயும் அது பாட்டுக்குத்தானுங்க்கா பெருகுது."

ருக்குமணியக்கா இலையை எடுத்துக்கொண்டு வேகமாக நகர்ந்தாள். நகராமல் என்ன செய்வாள்? இரும்பில் வந்தால் லட்சுமி, மாரில் வந்தால் பாவம் என்று ஒரே பெருக்கத்துக்கு இரண்டு பெயர் வைத்த வீதியில், அந்த இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறவளோடு வெகுநேரம் நிற்க முடியாது.

அடுத்த வாரம் கோகிலாமணி யாரிடமும் சொல்லாமல் சேலத்துக்கு பஸ் ஏறினாள். பெரிய ஆஸ்பத்திரியில் போன தடவை வந்தபோதே ஊசி குத்திச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஃபரிதா என்கிற டாக்டர். சின்ன வயசு, தூக்கம் கெட்ட கண், மேசையில் பாதி கடித்து வைத்த பன். கேன்சர்தான் என்று மறைக்காமல் சொன்னாள். கோகிலாமணி அழவில்லை. மனசில் இருந்ததைக் கேட்டாள்.

"நான் என்னங் டாக்டரம்மா பண்ணினேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணலைங்க."

"ஒண்ணும் பண்ணாம எப்படி வருமுங்?"

எல்லாரும் கேட்கிற கேள்விதான் என்றாலும் யாரும் இப்படிச் சண்டைக்கு நிற்கிற மாதிரி கேட்டதில்லை போல. ஃபரிதா பன்னை ஓரமாகத் தள்ளினாள். "உடம்பு முழுக்க செல்லுங்க. ஒரு செல்லு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். வயித்துல ஒரே ஒரு பொட்டா இருந்த நீங்க இவ்வளவு பெரிய ஆளானது அப்படித்தான். கையில வெட்டுப்பட்டா தோலு மூடுதில்ல, அதுவும் இதே வேலைதான்."

"அப்பப் பெருகறது தப்பில்லீங்?"

"பெருகலைன்னா நீங்களும் இல்ல நானும் இல்ல. ஆனா போதும்னா நிக்கணும். பக்கத்துச் செல்லு மேல இடிச்சா நிக்கணும். ரிப்பேரு பண்ண முடியாத அளவுக்குக் கெட்டுப்போனது தானா செத்துடணும். இந்தச் சட்டமெல்லாம் ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் எழுதி வெச்சிருக்கு. ரெண்டாகும்போது அவ்வளவு எழுத்தையும் நகல் எடுக்கணும். ஆயுசு முழுக்க, கோடி கோடித் தடவை. எங்கயாவது ஒரு எழுத்து பிசகும். பிசகினதை உடம்பே முக்காவாசி சரி பண்ணிடும். அதையும் தப்பிச்சு, நில்லுன்னு எழுதின இடத்துலயே நாலஞ்சு பிசகு சேர்ந்துபோச்சுன்னா, அது நிக்காது. அதுக்குப் பொறந்ததும் நிக்காது."

கோகிலாமணிக்குத் தறிதான் ஞாபகம் வந்தது. தறியில் குறுக்கே ஓடுகிற ஊடை இழை அறுந்தால் ஒரு சின்னக் கம்பி முள் கீழே இறங்கித் தறியை நிறுத்தும். அந்த முள் தேய்ந்துபோனால் தறி நிற்காது, இழையே இல்லாமல் காற்றை நெய்துகொண்டு ஓடும். "நிப்பாட்டு முள்ளு போனதுங்கறீங்" என்றாள். அது என்ன என்று ஃபரிதா கேட்க, இவள் மேசை மேல் விரலால் வரைந்து காட்ட, "அட, நான் பைக் பிரேக்கைச் சொல்லிட்டிருந்தேன், இது நல்லாருக்கே" என்று ஃபரிதா பன்னை மறுபடி கையில் எடுத்தாள்.

"சேரி, முள்ளத் தேய வெச்சது ஆருங்?"

"சில பேருக்குப் பொறக்கும்போதே ஒரு முள்ளு ஆட்டம் கண்டிருக்கும். புகை, குடி, வயசு, இப்படி சிலதும் தேய்க்கும். உங்களுக்கு எதுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. பல பேருக்கு வெறும் நகல் பிசகுதான். சும்மா வந்தது."

"சும்மா வந்துச்சுன்னு போயி எங்க மாமியாகிட்டச் சொல்லுட்டுங்களா?"

"சொல்லுங்களேன்."

"நீங்க எங்க மாமியாளப் பாத்ததில்லீங்."

இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள். ஆனால் சிரிப்பு அடங்கியதும் ஃபரிதா குரலை மாற்றிக்கொண்டாள். கட்டியை எடுக்க வேண்டும், சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையையும் சேர்த்து எடுக்க வேண்டும், அப்புறம் மருந்து. அந்த மருந்துக்கு வேகமாய்ப் பெருகுகிறது எதுவானாலும் எதிரிதான், அதனால் தலைமயிரும் கொட்டும், மறுபடி முளைக்கும். ஆவணி முதல் புதன்கிழமை வந்து படுத்துவிட வேண்டும். "தள்ளிப் போட்டீங்கன்னா அது தள்ளிப் போடாது. ரத்தத்துல ஏறி வேற ஊரு போய்க் குடித்தனம் வெச்சிடும்." தொத்துமா என்று இவள் கேட்டதற்கு, "ஒரே தட்டுல சாப்பிடுங்க, ஒண்ணும் ஆகாது" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கோகிலாமணி தன் தனித் தட்டைக் கொண்டுபோய்த் தண்ணீர்க் குடத்துக்கு மூடியாகப் போட்டாள். எல்லாருக்கும் பொதுவான தட்டுகளில் ஒன்றை எடுத்து, எல்லாரும் உட்கார்ந்திருந்த வரிசையில் உட்கார்ந்து, சட்டியிலிருந்து தானே சோறு போட்டுக்கொண்டாள். பாவாயம்மாள் பாதிச் சோற்றில் எழுந்து போனாள். அர்த்தநாரி எழுந்திருக்கவில்லை. ரசத்தை அவள் பக்கம் நகர்த்தினான். அதற்கு மேல் அவனுக்கு அன்றைக்கு வீரம் இல்லை.

இதற்குள் பட்டறையில் எட்டுத் தறி இருந்த இடத்தில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுவதை வீதி விட்டுவிட்டது. அவை சுவரைத் தொட்டன, தொட்டதும் நிற்கவில்லை. தொட்ட இடத்தில் சுவர் வெல்லக்கட்டி மாதிரி இளகி வழிவிட, ருக்குமணியக்காவின் அடுப்படிக்குள் ஒன்று வந்து நின்று, அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் நடுவில் சடக்கு சடக்கென்று ஓடியது. வீதி அதற்கும் பழகிக்கொண்டது, பழகுவதில் அந்த வீதியை அடிக்க ஆள் கிடையாது. பெண்கள் தறிக்குத் தறி கொடி கட்டித் துணி காயப்போட்டார்கள். ஆண்கள் பக்கவாட்டாக நடக்கப் படித்தார்கள். தபால்காரர் வீட்டு நம்பரை விட்டுவிட்டு மூன்றாம் தறிக்கு இடப்பக்கம் என்று விலாசம் கேட்டார். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள், பெண் வீட்டுத் தறி தானாகப் பெருகுமா என்று விசாரித்தார்கள். ஓட்டுக் கேட்கிறவர் ஒருவர் வந்து தறி மேல் ஏறி நின்று, இதுதான் வளர்ச்சி, இந்த வளர்ச்சியைத் தடுக்கிறவன் ஏழையின் எதிரி என்று பேசிவிட்டுப் போனார். அவர் பின்னால் கட்டியிருந்த பேனரை இரண்டு தறிகள் இழுத்து நெய்து முழுங்கிவிட்டன.

ஆனால் ஒவ்வொரு பிரிதலிலும் ஏதோ ஒன்று விட்டுப்போனது. முதலில் பிறந்தவை துண்டு நெய்தன. அவற்றுக்குப் பிறந்தவை கரை இல்லாத துண்டு நெய்தன. அவற்றுக்குப் பிறந்தவற்றில் ஊடையை இழுக்கிற நாடாக்கட்டை ஓடியது, கட்டைக்குள் நூல் இல்லை. பலகை அடித்தது, அடிக்கத் துணி இல்லை. கடைசியில் பிறந்தவற்றுக்குத் தறி என்று பேர் சொல்ல முகமே இல்லை, வெறும் இரும்புக் கட்டியாய் இடித்துக்கொண்டும் பெருகிக்கொண்டும் இருந்தன, பெருகுவது ஒன்றுதான் அவற்றுக்கு மறக்கவில்லை. பசி மட்டும் பெரும் பசி. யாரும் இழுக்காமலே வீடு வீடாக மீட்டர் பெட்டியிலிருந்து வயர்கள் அவரைக்கொடி மாதிரி அவற்றைத் தேடிப் படர்ந்தன. குண்டு பல்பு செம்மண் நிறத்துக்கு மங்கியது. வீதியின் நல்ல தறிகள், பாவம், ஒழுங்காக அரைக்கரை வேட்டி நெய்துகொண்டிருந்த தறிகள், நூலும் கரண்டும் கிடைக்காமல் கிழட்டு மாடு மாதிரி இழுத்து இழுத்து மூச்சு விட்டன. ஆவணி பிறந்த அன்று பவானியிலிருந்து நாத்தனார் போன் செய்தாள். இங்கிருந்து போன துணி மூட்டைக்குள் ஒட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். அவள் வீட்டுப் பூஜை அறையில் முகம் இல்லாத ஒரு தறி இரண்டாகிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் வீதிக்குத் தெரிந்தது, இது லட்சுமி இல்லை என்று. லட்சுமி இல்லை என்றால் உடனே அது பாவமாகத்தான் இருந்தாக வேண்டும், நடுவில் வேறொன்று இருக்க அந்த வீதியின் அகராதியில் இடமில்லை. பாவம் என்றால் பாவி வேண்டும். பாவி எங்கே இருக்கிறாள் என்று தேட வேண்டிய சிரமமும் இல்லை, ஏற்கெனவே ஒருத்தி தயாராக இருந்தாள்.

புதன்கிழமை காலை, கட்டைப்பையில் இரண்டு சேலையும் ஒரு சோப்பு டப்பாவும் போட்டுக்கொண்டு கோகிலாமணி கோயில் வாசலுக்கு வந்தாள், சேலம் பஸ் நிற்கிற இடம் அதுதான். கோயில் வாசலில் வீதியே கூடியிருந்தது. தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதுகூடக் கேட்காது, அதனால் எல்லாரும் தொண்டை நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"இவ சீக்குத்தான் தறிக்கு ஒட்டிக்கிச்சு!" என்று பூசாரி கத்தினார். "மூணு வெள்ளிக்கெழமை ஈரத்துணியோட கோயிலச் சுத்தி உருளோணும். அது முடியற வரைக்கும் ஊரு எல்லையத் தாண்டப்படாது. ஆத்தா உத்தரவு!"

"மூணு வெள்ளி போனா நான் போயிருவேனுங் பூசாரியண்ணா!"

"எங்க போவே?"

"சுடுகாட்டுக்கு!"

கூட்டத்தில் ஒரு நெளிவு ஓடியது. கோகிலாமணி பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கோயில் படியில் ஏறி நின்றாள். தார் சுற்றுகிற காலத்தில் எட்டுத் தறிக்கு மேலே எழும்பிய அதே தொண்டை, இப்போது அத்தனை தறிக்கும் மேலே எழும்பியது.

"சீக்கு ஒட்டுச்சுன்னா முதல்ல ஆருக்குங் ஒட்டோணும்? ஒரே பாயில படுத்த எம் புருசனுக்கு ஒட்டலே, நான் ஆக்குன சோத்தத் தின்ன எங்க அத்தைக்கு ஒட்டலே, நான் தொடாத தறிக்கா வந்து ஒட்டுச்சு? நூலத் தொடாதேன்னு என்னைய ஒதுக்கி உக்கார வெச்சதுக்கு அப்பறந்தான் அது ரெண்டாச்சு, நெனப்பிருக்குதா? அன்னைக்கு வளையல் போட்டது ஆரு? ஏழு சோறு கிண்டுனது ஆரு? லட்சுமியா இருந்தப்ப உங்களுது, சனியனானதும் என்னுதா?"

"அப்ப நீயே சொல்லு, என்ன பண்றது?" என்று ருக்குமணியக்கா கத்தினாள். அவள் கேட்டதில் குத்தல் இல்லை. அவள் அடுப்படியில் அடுப்புப் பற்றவைத்து வெகு நாளாகியிருந்தது.

"வெட்டி எடுக்கோணும். சுத்தி ஒரு சாண் நல்ல செவுத்தையுஞ் சேத்துப் பேத்தெடுக்கோணும், ஒரு துண்டு மிஞ்சினாலும் மறுக்காப் பெருகும். அதுக்கு முந்தி அத்தன வீட்டுலயும் பியூஸப் புடுங்கோணும். நல்ல தறியும் நிக்கோணும்."

இதைக் கேட்டதும் வீதி கொதித்துவிட்டது. நல்லா ஓடுகிற தறியை நாங்கள் ஏன் நிறுத்த வேண்டும், எங்கள் தறி என்ன தப்புப் பண்ணியது, இவள் யார் எங்களுக்குச் சொல்ல என்று ஆளாளுக்குப் பாய்ந்தார்கள். தறியைத் தப்புக் கேட்கக் கூடாது என்று அத்தனை தெளிவாகத் தெரிந்த வாய்கள் அவை.

"எனக்கு ஊத்தப்போற மருந்து கெட்டதையுங் கொல்லும், இந்தத் தலையில இருக்கற மயிரையுங் கொல்லும்!" கோகிலாமணி கொண்டையைப் பிடித்துக் காட்டினாள். "நான் சரின்னு சொல்லிப்போட்டேன். மயிருக்கு ஆசப்பட்டு உசுர உடற கிறுக்கச்சி நானில்ல. நீங்க எப்பிடின்னு நீங்களே பாத்துக்குங்க."

யாரும் அசையவில்லை. பூசாரி மணியை எடுத்து அடித்தார், மணிச் சத்தம் தறிச் சத்தத்தில் கரைந்தது. அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து அர்த்தநாரி நகர்ந்தான். இத்தனை நாளும் எண்ணெய்க் குப்பியைத் தவிர வேறெதையும் நிமிர்ந்து பார்க்காதவன், வீட்டு முகப்பிலிருந்த மீட்டர் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாகப் பியூஸ்கட்டைகளைப் பிடுங்கி, வேட்டி மடிப்பில் போட்டுக்கொண்டான். அவனுடைய ஏழு நல்ல தறிகளும் நின்றன. அப்பன் காலத்திலிருந்து அமாவாசையைத் தவிர நிற்காத தறிகள் நின்றன. முகமில்லாதவை நிற்கவில்லை, அடுத்த வீட்டு வயரை உறிஞ்சிக்கொண்டு ஓடின. அவன் ருக்குமணியக்காவைப் பார்த்தான். "அக்கா," என்றான், அவ்வளவுதான். ருக்குமணியக்கா, "அட, போனாப் போகுது கெரகம்," என்று ஓடிப்போய்த் தன் வீட்டுக் கட்டையைப் பிடுங்கினாள். அப்புறம் எதிர்வீடு. அப்புறம் அதற்கு அடுத்தது. பவானிக்கு யாரோ போன் போட்டு, பிடுங்கு பிடுங்கு என்று கத்தினார்கள். வீடு வீடாக நல்ல தறிகள் நிற்க நிற்க, கொடிகள் வாடித் தொங்கின, முகமில்லாத இரும்புகள் ஒரு தரம் குலுங்கி, இன்னொரு தரம் குலுங்கி, பாதி பிரிந்தது பாதியிலேயே நின்றது. கடப்பாரைகளோடு நாலு பேர் பட்டறைக்குள் இறங்கினார்கள். அர்த்தநாரி சுவரில் ஒரு சாண் தள்ளிக் கரிக்கோடு இழுத்தான்.

வீதியில் சத்தம் செத்தது. பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பேசினால் எவ்வளவு மெதுவாகப் பேச வேண்டும் என்று தெரியாமல் நின்றார்கள். கோயிலுக்குப் பின்னால் காவிரி ஓடுகிற சத்தம் கேட்டது, அது சத்தம் போட்டு ஓடுகிற ஆறு என்பதே பல பேருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வளைவில் சேலம் பஸ் திரும்பியது.

பாவாயம்மாள் கோயில் படிக்குக் கீழே வந்து நின்றாள். வேப்பிலைக் கொத்து கையில் வாடியிருந்தது. அவள் முகத்தில் இப்போது கோபம் இல்லை, ஆனால் அந்தக் கேள்வி இன்னும் போகவில்லை. எத்தனை நிறுத்தினாலும் அது ஒன்று அவளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கத்த வேண்டிய அவசியம் இல்லாததால் மெதுவாக, கெஞ்சுகிற மாதிரிகூடக் கேட்டாள்.

"அதெல்லாஞ் சேரி அம்மிணி. எங்கிட்ட மட்டுமாச்சும் சொல்லிப்போடு. நீ என்னதான் பண்ணினே?"

கோகிலாமணி படியிறங்கினாள். மாமியாரின் முகத்துக்கு நேரே நின்றாள். அவளும் கத்தவில்லை, ஆனால் அந்த அமைதியில் வீதியின் கடைசி வீடு வரைக்கும் கேட்டது.

"ஒண்ணு ரெண்டாகி, ரெண்டு நாலாகி வளந்தேனுங் அத்தை. இந்த நிமிசம் நீங்களும் அதத்தான் பண்ணிட்டிருக்கறீங்."